ஸ்டார் கட்டாத வீடு: கிறிஸ்துமஸ் நாள்களில் மனக்காயத்தோடு இருப்பவர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன்பு, வடசென்னையில் ஒரு சபையின் கீதபவனிக் குழுவோடு, எல்லாரும் கேரல் ரவுண்ட்ஸ் என்று சொல்லும் அந்த இரவு நடையில், வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். குழுத் தலைவரின் கையில் வீடுகளின் பட்டியல் இருந்தது. அந்த ஆண்டு இறப்பு நடந்த வீடுகளுக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்த வீடுகளின் முன்னால் டிரம்ஸ் அடிப்பதில்லை, கிறிஸ்துமஸ் தாத்தா ஆடுவதில்லை. ஆயர் மட்டும் உள்ளே போய் ஒரு ஜெபம் செய்துவிட்டு வருவார். கோடு போடாத ஒரு வீட்டின் முன்னால் நள்ளிரவு ஒரு மணிக்கு டிரம்ஸ் அடித்து, கதவையும் பலமாகத் தட்டிப் பாடத் தொடங்கினோம். கதவைத் திறந்த பெண்ணின் முகத்தில் சிரிப்பு இருந்தது. கையில் இருந்த காணிக்கைக் கவர் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. குடித்துவிட்டு வந்து நள்ளிரவில் கதவை உடைப்பதுபோல் தட்டும் கணவரிடமிருந்து அவர் பிரிந்து வந்து நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

நம்மிடையே சாவுக்குப் பண்டிகை விடுப்பு உண்டு. "இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை" என்று ஒரு வீட்டார் சொல்லிவிட்டால், ஸ்டார் ஏன் கட்டவில்லை, பலகாரம் ஏன் செய்யவில்லை என்று யாரும் கேட்பதில்லை; அக்கம்பக்கத்தார் தாமாகவே தூக்குவாளியில் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் மணமுறிவுக்கும், கருச்சிதைவுக்கும், விபத்தில் உயிர் தப்பியவரின் பயத்துக்கும், சிறுவயதில் நெருங்கிய உறவினராலேயே பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் வேதனைக்கும் அந்த விடுப்பைத் தருவார் யாருமில்லை. அப்படிப்பட்டவர்கள் அதைத் தாமே எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

உடல் ஏன் டிசம்பரைத் தெரிந்து வைத்திருக்கிறது

உயிருக்கு ஆபத்தான அல்லது மானத்தைக் குலைக்கிற ஒரு நிகழ்வின்போது, மூளையில் அமிக்டலா என்னும் சிறு பகுதி அபாய மணியை அடிக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ, எதிர்க்கவோ, உறைந்து நிற்கவோ உடல் தயாராகிறது. அந்த நேரத்துச் சத்தமும் வாசனையும் வெளிச்சமும் பருவமும் அந்த அபாயத்தோடு சேர்ந்தே பதிந்துவிடுவதால், பல ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றில் ஏதேனும் ஒன்று திரும்பி வரும்போது, அபாயம் இல்லாமலே மணி மட்டும் அடிக்கிறது. கேக்குக்காக ரம்மில் ஊறிய திராட்சையின் வாசனை ஒருவருக்குப் பண்டிகை. குடிகாரத் தந்தையோடு வளர்ந்த இன்னொருவருக்கு அது வயிற்றைப் பிசையும் வாசனை. இரண்டு பேரும் ஒரே சமையலறையில் நிற்கலாம்.

இத்தோடு நாள்காட்டியும் சேர்ந்துகொள்கிறது. துயரம் நடந்த நாள் நெருங்கும்போது தூக்கம் கெடுவதும், காரணமின்றி எரிச்சல் வருவதும், உடம்பு வலிப்பதும் மனநல மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். நாளை மறந்துவிட்டவர்களுக்குக்கூட இது நேர்வதுண்டு. சென்னைக்கு டிசம்பர் இந்த வகையில் பாரமான மாதம். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் பண்டிகைச் சாப்பாட்டின் மிச்சம் வீட்டில் இருக்க, காலை ஒன்பது மணியை ஒட்டிப் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலும் மெரினாவிலும் வடசென்னை மீனவர் குப்பங்களிலும் கடல் உள்ளே வந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறி வீடுகளுக்குள் புகுந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம். ஆகவே மழைக்கால இரவில் மின்சாரம் போனதும் ஒருவர் பதறி எழுந்து வாசலைப் பார்த்தால் அவரைக் கேலி செய்ய வேண்டாம். அவர் எந்த ஆண்டின் தண்ணீரைப் பார்க்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

டிசம்பர் 26 காலையில் சுனாமிக் காட்சிகளை வாட்ஸ்அப்பில் பரப்பும் வழக்கம் இருபது ஆண்டுகள் கடந்தும் நிற்கவில்லை. கடற்கரையில் பால் ஊற்றி, மலர் தூவி நினைவுகூர்வது ஒன்று. அலை அடித்த காட்சியை முன்னறிவிப்பின்றி ஒருவரின் கையில் திணிப்பது வேறு. உங்களுக்கு அது தாங்காது என்றால் அன்றைக்கு அந்தக் குழுக்களை மௌனத்தில் போட்டுவிடுங்கள்.

நவம்பர் கடைசியிலேயே முடிவெடுங்கள்

திருவருகைக்காலம் தொடங்கும் வாரத்தில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறை ஒட்டி, ஒரு மாலை நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எந்தெந்த நாள் உங்களை வருத்தும், யாரைப் பார்ப்பது கடினம், எந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டால் நிம்மதி, எதை விட்டால் பிறகு வருந்துவீர்கள் என்று எழுதுங்கள். மனம் நிதானமாக இருக்கும்போது எடுத்த முடிவு, டிசம்பர் 24 மாலை அத்தை தொலைபேசியில் அழைக்கும்போது கைகொடுக்கும். அந்த நிமிடத்தில் புதிதாக யோசிக்க முயன்றால் பெரும்பாலும் "சரி, வர்றோம்" என்றுதான் வாயில் வரும்.

பண்டிகையை முழுவதும் துறப்பது, முழுவதும் கொண்டாடுவது என்று இரண்டு வழிகள்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம். அளவைக் குறைத்துக்கொள்ளலாம். சாந்தோமிலோ பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்திலோ நள்ளிரவுத் திருப்பலிக்குத் திரளும் கூட்டமும் ஒலிபெருக்கியும் வெடிச்சத்தமும் உங்களுக்கு ஆகாது என்றால், 25 காலையில் பக்கத்துப் பங்குக் கோயிலின் சிறிய திருப்பலி போதும். ஆராதனைக்குப் போகும்போது பக்கவாசலை ஒட்டிய பெஞ்சின் ஓரத்தில் உட்காருங்கள். வேறொருவரின் காரில் போகாமல் சொந்த வண்டியிலோ ஆட்டோவிலோ போனால், நினைத்த நேரத்தில் யாரிடமும் அனுமதி கேட்காமல் கிளம்பலாம். கூட இருக்கும் ஒருவரிடமாவது, "நான் கையைத் தொட்டால் கிளம்பணும்னு அர்த்தம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல அழைப்பார்கள். கடந்த ஆண்டு முழுவதும் கடவுள் நடத்திய விதத்துக்கு நன்றி சொல்ல எழுந்து நிற்கும் வரிசையில், நன்றி சொல்ல வாய் வராதவர் உட்கார்ந்தே இருக்கலாம். புத்தாண்டுக்கென வேத வசனம் எழுதித் தரும் வாக்குத்தத்த அட்டையை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம்.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பண்டிகையை ஒட்டி மருத்துவர்கள் விடுமுறையில் போவதுண்டு. டிசம்பர் 20-க்குள் ஜனவரி முதல் வாரம் வரைக்கான மாத்திரைகளை வாங்கி வையுங்கள். "நாலு நாள்தானே" என்று மன அழுத்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் படபடப்பும் வரக்கூடும். தூக்க மாத்திரையோடும் பதற்றத்துக்கான மாத்திரையோடும் மது சேர்ந்தால் மூச்சே தடைபடலாம். வீட்டில் போட்ட திராட்சை ஒயினும் மதுதான். மருந்து சாப்பிடாதவர்களுக்கும் மது முதலில் தூக்கம் தந்து பின்னிரவில் எழுப்பிவிடும்; பழைய காட்சி கண்முன் திரும்பி வரும் மீள்நினைவுகள் மிகுந்திருப்பவர்களுக்கு அந்த மூன்று மணி விழிப்புதான் மிகக் கொடியது.

உறவினர்களிடம் என்ன சொல்வது

காரணத்தை விளக்கத் தொடங்கினால் அதற்கு மறுகாரணம் வரும் என்பது நம் குடும்பங்களில் எழுதப்படாத விதி. ஆகவே சொல்ல வேண்டியதைச் சுருக்கமாக, மரியாதை குறையாமல், மாற்று ஏற்பாட்டோடு சொல்லுங்கள். "அத்தை, இந்த வருஷம் நாங்க மதியச் சாப்பாட்டுக்கு வரல. 27-ஆம் தேதி சாயங்காலம் நானே வந்து உங்களைப் பார்க்கிறேன்." ஏன் என்று கேட்டால், "மனசு சரியில்லை அத்தை, அமைதியா இருக்கணும்போல இருக்கு" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்ட வேண்டியதில்லை. மூன்றாம் முறை வற்புறுத்தினாலும் அதே வாக்கியத்தையே திருப்பிச் சொல்லுங்கள். புதிய வாக்கியம் புதிய வாதத்துக்கு இடம் கொடுக்கும்.

தீங்கு செய்தவரே அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார் என்றால், நான் மழுப்பாமல் சொல்கிறேன்: நீங்கள் போக வேண்டியதில்லை. குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும், மன்னிப்பதுதான் கிறிஸ்தவம் என்பதும் இந்த நாள்களில் அதிகம் கேட்கும் அறிவுரைகள். அவற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அடிபடாதவர்கள். ஒருவரை மன்னிப்பது அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவதைக் கட்டாயமாக்குவதில்லை. அதேபோல், ஒரு பெரியவரிடம் போக மறுக்கும் குழந்தையை "மாமாவுக்கு முத்தம் கொடு, கிஃப்ட் வாங்கிட்டு வந்திருக்காரு" என்று தள்ளிவிடாதீர்கள். தூரத்தில் நின்று ஸ்தோத்திரம் சொன்னால் போதும். பிறகு தனியாக, குரலை உயர்த்தாமல், ஏன் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். குழந்தை ஏதேனும் சொன்னால் முதலில் நம்புங்கள். சிறார்மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கும் கடமை. அதைப் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கானது 181.

கூட்டத்தின் நடுவில் படபடப்பு வந்தால்

பாட்டு உச்சத்தில் இருக்கும்போது மூச்சு முட்டி, கைகள் சில்லிட்டு, பழைய காட்சி கண்முன் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எதிர்த்துச் சண்டையிட வேண்டாம். செருப்பைக் கழற்றியிருந்தால் பாதத்தைத் தரையில் அழுத்தி அதன் குளிர்ச்சியைக் கவனியுங்கள். மூச்சை இழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டுங்கள். மனதுக்குள் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட்டால், நான்கைந்து சுற்றுகளில் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கும். பிறகு பார்க்கக்கூடிய ஐந்து பொருள்கள், தொடக்கூடிய நான்கு, கேட்கக்கூடிய மூன்று ஒலிகள், இரண்டு வாசனைகள், ஒரு சுவை என்று மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். குடிலின் வைக்கோல், தூணில் சுற்றிய சீரியல் விளக்கு, முன்னால் நிற்பவரின் பட்டுப் பாவாடைக் கரை என்று எண்ணிக்கொண்டே போகும்போது, மூளைக்கு இது இன்றைய நாள், இது வேறு இடம் என்ற செய்தி போய்ச் சேர்கிறது. "இன்றைக்கு என்ன தேதி, நான் எங்கே நிற்கிறேன், எனக்கு என்ன வயது" என்று மூன்றையும் மெல்லச் சொல்வதும் இதே வேலையைச் செய்யும்.

ஜெபமாலை வைத்திருப்பவர்களுக்கு அதன் மணிகளே போதுமான கருவி. ஒரு மணிக்கு ஒரு மூச்சு. சிலருக்கு வேதாகமத்தின் சங்கீதம் 23 மனப்பாடமாக வரும், அதுவும் நன்று. ஆனால் தேவாலயத்திலேயே காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள்; ஜெபம் அவர்களை அமைதிப்படுத்துவதற்கு மாறாகக் கலக்கவும் கூடும். அவர்கள் வெளியே வந்து முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துக்கொண்டு, தெருமுனை டீக்கடை வரை நடந்துவிட்டு வருவதில் எந்தக் குறையும் இல்லை.

வீட்டில் இருக்கும்போது கைக்கு வேலை கொடுப்பது நல்லது. கல்கல் என்னும் கிறிஸ்துமஸ் பலகாரம் செய்யும்போது மாவைச் சிறு உருண்டையாக எடுத்து, முள்கரண்டியின் பின்பக்கத்திலோ புதிய சீப்பின் பற்களிலோ வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்ட வேண்டும். அழுத்தம் கூடினால் மாவு ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் வரி விழாது. நூறு கல்கல் சுருட்டி முடிப்பதற்குள் தோள்கள் தாமாகவே இறங்கியிருப்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். தனியாகச் செய்வதைவிட எதிரே ஒருவர் உட்கார்ந்து செய்தால் இன்னும் நன்று, அவர் பேசாமல் இருந்தாலும்.

இறப்புக்குப் பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ்

பண்டிகை இல்லை என்ற வழக்கம் இருப்பதால் இவர்களுக்கு வெளியிலிருந்து வரும் தொல்லை குறைவு. உள்ளே வெறுமை அதிகம். 25 காலை எழுந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கும் அந்த முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேலையை முன்பே தீர்மானித்து வையுங்கள். கீழ்ப்பாக்கத்திலோ காசிமேட்டிலோ உள்ள கல்லறைக்குப் போய் மலர் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவது பலருக்கு ஆறுதல். கூட்டமும் மற்றவர்களின் விசாரிப்பும் வேண்டாம் என்றால் 23 அல்லது 24 காலையிலேயே போய்விடுங்கள். இறந்தவருக்குப் பிடித்த ஒரே ஒரு பலகாரத்தை மட்டும் செய்யலாம். அவர் பெயரைச் சொல்லிப் பேசலாம். பெயரைத் தவிர்த்துத் தவிர்த்து நடப்பதில்தான் வீடு மூச்சுத் திணறுகிறது.

குழந்தைகள் இருக்கும் துக்க வீட்டில் ஒரு சிக்கல் வரும். பிள்ளை ஸ்டார் கட்ட வேண்டும் என்று கேட்கும், பெரியவர்கள் ஊர் என்ன சொல்லும் என்பார்கள். கட்டவிடுங்கள். வாசலில் வேண்டாம் என்றால் பிள்ளை படுக்கும் அறையின் ஜன்னலில் கட்டலாம். ஞாயிறு பள்ளி நாடகத்தில் மேய்ப்பன் வேடம் போடவிருந்த பிள்ளையை அப்பா இறந்ததற்காக நிறுத்திவிட்டால், அது இரண்டாவது இழப்பு. சிறுவர்கள் ஒரு மணி நேரம் அழுது அடுத்த மணி நேரம் விளையாடுவார்கள். அது பாசக்குறைவு அன்று, அந்த வயதின் துக்கம் அப்படித்தான்.

பக்கத்தில் இருப்பவர்கள்

"தாங்க முடியாததை ஆண்டவர் தரமாட்டார்", "எல்லாம் நன்மைக்கே", "இன்னும் எத்தனை நாள் இதையே நினைச்சிட்டு இருப்பே" என்ற மூன்றையும் இந்த மாதம் சொல்லாமல் இருந்தாலே பாதி உதவி செய்தவராவீர்கள். நடந்ததை விவரமாகச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும் என்று நினைத்துக் கட்டாயப்படுத்துவது காயத்தைக் கிளறவே செய்யும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உளவியல் முதலுதவி மூன்று செயல்களில் அடங்கும்: பார்ப்பது, கேட்பது, உரிய உதவியோடு இணைப்பது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் சொல்லமாட்டார்கள். "நாளைக்கு ரேஷன் கடைக்குப் போறேன், உங்க கார்டையும் கொடுங்க அக்கா" என்று கேளுங்கள்.

கீதபவனிக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் போய்வந்த அந்தக் குழுவில் இப்போது நவம்பரிலேயே எல்லா வீடுகளுக்கும் ஒரு சீட்டு போகிறது: பாட வரலாமா, எத்தனை மணிக்குள், டிரம்ஸ் வேண்டுமா வேண்டாமா. காரணம் கேட்பதில்லை. கதவைத் தட்டுவதற்கு முன்பு தெருவில் நின்று தொலைபேசியில் அழைக்கிறார்கள். முதல் ஆண்டிலேயே நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக வீடுகள் டிரம்ஸ் வேண்டாம் என்று குறித்திருந்தன.

மருத்துவ உதவி எப்போது, எங்கே

மீள்நினைவும் கெட்ட கனவும் திடுக்கிடலும், மனிதர்களையும் இடங்களையும் தவிர்ப்பதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ வீட்டையோ கவனிக்க முடியாமல் செய்தால், அது பண்டிகைக் காலச் சோர்வு மட்டும் அன்று. சிகிச்சை தேவைப்படும் நிலை. அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சைகளும் மருந்துகளும் உள்ளன. சென்னையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவு உண்டு. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் பெயரை இந்த ஊரில் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பயந்தே பலர் வாசல் வரை போகாமல் திரும்புகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நாள் பார்க்காதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் கட்டணமில்லா எண் 14416, தமிழிலேயே பேசலாம். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. மாநில அரசின் 104-இலும் ஆலோசனை கிடைக்கும்; உடனடி ஆபத்து என்றால் 112. வேறொருவரைப் பற்றிக் கவலையாக இருந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள்; மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போவதைத் தாமதிக்க வேண்டாம்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளோடு பல வீடுகளில் குடிலைப் பிரித்து அட்டைப்பெட்டியில் வைப்பார்கள். நீங்கள் கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும், அன்றைக்குப் புதிய நாள்காட்டியில் நவம்பர் கடைசி வாரத்தைத் திருப்பி, இந்த முறை எது தாங்கியது, எது தாங்கவில்லை, யாருடைய தொலைபேசி அழைப்பு உதவியது என்று இரண்டு மூன்று வரி எழுதி வையுங்கள்.